ரோஸ் கிண்ணம்

ஜனவரி 6, திங்கள்

நான் பாக்கிங் கவர் வாங்குகிற கடைக்காரர் புது வருஷத்துக்குக் கொடுத்த டைரி இது. அட்டையில் அவர் கடைப் பெயர், உள்ளே பக்கத்துக்குப் பக்கம் ராகுகாலம். "தொழில் பண்றவீங்க தெனமும் எழுதோணுமுங்க" என்று சொல்லிக் கொடுத்தார். எழுதுகிறேன். வீட்டில் யாரிடம் வாயைத் திறந்தாலும் சண்டையில் போய் முடிகிறது. இதாவது திருப்பிப் பேசாது.

என் தொழில் சத்துமாவு. முளைகட்டிய கேழ்வரகு, கம்பு, பாசிப்பயறு, பொட்டுக்கடலை, பாதாம் எல்லாம் வறுத்து அரைத்து, குழந்தைகளுக்குக் கஞ்சி காய்ச்சக் கொடுக்கிற மாவு. கோபிச்செட்டிபாளையத்தில் எங்கள் வாடகை வீட்டின் பின்கட்டுதான் கம்பெனி. முதலாளி, வேலையாள், விளம்பர மேனேஜர் எல்லாம் கோகிலவாணியாகிய நானே. வறுப்பதற்கு மட்டும் பக்கத்து வீட்டுச் சரசக்கா வருகிறார். என் வீட்டுக்காரர் ஜெகதீஷுக்கு ஜவுளிக்கடையில் வேலை. பொழுதுக்கும் ஊரார் வீட்டுப் பெண்களுக்குச் சேலை விரித்துக் காட்டுவார், வீட்டுக்கு வந்தால் ஒரு துண்டை மடித்து வைக்க மாட்டார்.

பாக்கெட்டில் சிரிப்பது என் மகள் மகிழினி. அவளுக்கு இரண்டு வயதானபோது எடுத்த படம். கன்னம் இரண்டும் பன்னு மாதிரி இருக்கும். அப்போதெல்லாம் கிண்ணத்தை வழித்து நக்கிவிட்டு "இன்னும்" என்பாள். அதைத்தான் சும்மா ஃபோனில் எடுத்துப் போட்டேன். "அக்கா, பாப்பாவுக்கு என்ன தர்றீங்க?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அப்படித்தான் 'மகிழ் சத்துமாவு' பிறந்தது. இப்போது மகிக்கு நாலு வயது, எல்.கே.ஜி. அவளுக்குக் கீழே பத்து மாதத்தில் தம்பி நிரஞ்சன்.

இன்றைக்கு மத்தியானம் பொங்கலுக்கான ரீல்ஸ் எடுத்தோம். ஓடுவது அரை நிமிஷம், எடுப்பதற்கு ஒரு பொழுது போய்விடுகிறது. ஒரு தடவை தம்பி அழுவான், ஒரு தடவை காய்கறி வண்டிக்காரர் மைக்கில் கத்துவார், ஒரு தடவை மகி கேமராவை விட்டுவிட்டுச் சுவரில் பல்லியைப் பார்ப்பாள். ஒவ்வொரு டேக்குக்கும் ஒரு வாய் விழுங்கினால் பிள்ளை வயிறு என்னத்துக்காகும்? தீபாவளி ரீல்ஸின்போது அப்படித்தான் பட்டுப்பாவாடையோடு வாந்தி எடுத்துவிட்டாள். அதிலிருந்து ஒரு ரோஸ் கிண்ணத்தைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்கிறேன். "மகிக்குப் பசிச்சா மகிழ் கஞ்சி!" என்று சொல்ல வேண்டும், ஸ்பூனை வாயில் வாங்க வேண்டும், கன்னத்தை உப்பிக்கொண்டு சிரித்துக் கட்டைவிரலைக் காட்ட வேண்டும். நான் "ஓகே" என்றதும் கிண்ணத்தில் துப்பிவிடலாம். "முழுங்கினா வயிறு வலிக்கும் கண்ணு, அம்மா ஓகே சொன்னதும் துப்பீரு" என்று பழக்கியிருக்கிறேன். ஒரு தடவைகூட மறந்ததில்லை. அவ்வளவு சமர்த்து.

யூனிஃபார்ம் பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. ஊக்குக் குத்தி அனுப்பினேன். அந்தத் தையல்காரன் லூசாகத் தைத்துத் தொலைத்திருக்கிறான்.

ஜனவரி 9, வியாழன்

கேழ்வரகு வெயிலில், தம்பி இடுப்பில், கூரியர்காரர் வாசலில், பால் அடுப்பில். பொங்கிவிட்டது.

ஜனவரி 15, புதன்

பொங்கல் ரீல்ஸ் நன்றாக ஓடுகிறது. ஆனால் ஒரு மகராசி கீழே எழுதியிருக்கிறாள்: 'பாப்பா மெலிஞ்ச மாதிரி இருக்கே, இப்போ கஞ்சி குடுக்கறதில்லையா?' அவளுக்கு வேறு வேலை இல்லை போலிருக்கிறது. அழித்துவிட்டேன்.

லைட் சரியில்லை, அதுதான் காரணம். ஜன்னல் பக்கமாக உட்கார வைத்தால் முகம் ஒடுங்கித் தெரிகிறது. இனிமேல் கீழேயிருந்து எடுக்க வேண்டும், கன்னத்துக்கு லேசாக ரோஸ் பவுடர் போட வேண்டும். பழைய வீடியோ கொஞ்சம் இருக்கிறது, நடுவில் சேர்த்துக்கொள்ளலாம்.

ஜனவரி 22, புதன்

பள்ளிக்கூடத்திலிருந்து மிஸ் ஃபோன் செய்தார்.

"மகிழினி அம்மாங்களா? பாப்பா டிஃபன வாயில வாங்கிக்கறா, ஆயாம்மாவப் பாத்துச் சிரிக்கறா, அப்புறம் மூடியில துப்பி வெச்சிடறா. தெனமும் இதே கதைங்க. வீட்ல எப்பிடிங்க சாப்புடுவா?"

"வீட்ல நல்லாச் சாப்புடுவாளுங்க மிஸ். உங்க ஆயாம்மா மெரட்டறாங்களோ என்னமோ."

"மெரட்டறதெல்லாம் இல்லீங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் பிள்ளை சாப்பிடுவதை ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது, இந்த அம்மா எனக்குப் பாடம் எடுக்கிறார். போன மாதம் ஸ்டாஃப் ரூமுக்கு மாவு விலை குறைத்துக் கேட்டார், நான் தரவில்லை. அந்தக் கடுப்பாக இருக்கும்.

சாயங்காலம் மகியைக் கேட்டேன். "ஏன் கண்ணு துப்புன?" என்றால், "ஆயாம்மா ஓகே சொல்லவே இல்லம்மா, நானேதான் துப்புனேன்" என்கிறாள். பிள்ளைகள் பேச்சு. சிரித்துவிட்டேன்.

பால் ஒரு டம்ளர் குடித்தாள். பிஸ்கட் நனைத்துச் சாப்பிட்டாள்.

பிப்ரவரி 3, திங்கள்

சாமி, கண்ணைத் திறந்துவிட்டாய்!

ஈரோட்டிலிருந்து ஃபோன். செல்வமலர் சூப்பர் மார்க்கெட்டில் பிரேமா மேடம், முதலாளியின் மருமகள், கொள்முதல் எல்லாம் அவர்தானாம். ஏழெட்டு ஊரில் கடை இருக்கிறது. பங்குனியில் பெருந்துறை ரோட்டில் புதுக்கிளை திறக்கிறார்கள். எல்லாக் கடையிலும் என் மாவை வைக்கலாம் என்கிறார்.

"பாக்கெட்டு, ரேட்டு எல்லாம் அப்பறம் பேசிக்கலாமுங்க. எங்க கஸ்டமருக்கு உங்க பாப்பாவத்தான் தெரியும். திறப்பு விழாவுக்குப் பாப்பா வந்து எல்லாரு முன்னாடியும் ஒரு வாய் கஞ்சி குடிக்கோணும். அது போதும், சரக்கு தன்னால போயிரும்."

"தாராளமா வருவாளுங்க மேடம். கஞ்சின்னா உசுரு அவளுக்கு" என்றேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். இத்தனை நாளாக "மாவு சலிக்கற பொழப்பு" என்று நக்கல் செய்த மனிதர், சோற்றில் கை வைத்தபடியே தங்கைக்கு ஃபோன் போட்டு, "நம்ம கம்பெனிக்குப் பெரிய ஆர்டரு" என்கிறார். நம்ம கம்பெனியாம். ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஒரு கவருக்கு சீல் போட்டிருப்பாரா? கேட்டிருக்கலாம். சந்தோஷமான நாளில் எதற்கு?

பிப்ரவரி 5, புதன்

"நான் வேலைய உட்டுட்டு உனக்கு மார்க்கெட்டிங் பாக்கட்டுமா?" என்று கேட்கிறார். வேண்டாம் என்றதற்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அலைகிறார்.

பிப்ரவரி 17, திங்கள்

தம்பிக்குச் சளி விடவில்லை. டாக்டரிடம் கூட்டிப் போனேன். மகியையும் கூட இழுத்துக்கொண்டு போனது தப்பாகப் போயிற்று. டாக்டரம்மா அவனைப் பார்த்து முடித்துவிட்டு, "இவ ஏம்மா இப்படி இருக்கா? மெஷின்ல நில்லு பாப்பா" என்றார். முள் ஏறவில்லை. பழைய ஃபைலை எடுத்துப் பார்த்தார். போன வருஷம் இருந்ததைவிடக் கம்மி.

"வளர்ற பிள்ளைக்கு எடை நிக்கவே கூடாதும்மா, இவளுக்குக் குறைஞ்சிருக்கு. வீட்ல என்னதான் சாப்பிடறா?"

"நானே வீட்ல சத்துமாவு செய்யறனுங்க டாக்டர்."

"அது சரி. இவ சாப்பிடறாளா?"

மேஜையில், வேறு யாரோ ஒரு தாய் மறந்து வைத்துவிட்டுப் போன பையிலிருந்து என் பாக்கெட் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. டாக்டரம்மா அதைப் பார்த்தார், மகியைப் பார்த்தார். "இது இவளா?" என்றார். நான் தலையாட்டினேன். பிறகு ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

வரும் வழியெல்லாம் ஆத்திரம். டாக்டர் மேல், வீட்டுக்காரர் மேல், மெஷின் மேல்.

பிப்ரவரி 18, செவ்வாய்

மகிக்குத் தனியாகப் பாதாம் கூட்டி, நெய் விட்டு, கெட்டியாகக் கஞ்சி காய்ச்சினேன். வாயில் வாங்கிக்கொண்டாள். கன்னத்தில் அடக்கிக்கொண்டு என்னையே பார்க்கிறாள். விழுங்கவில்லை. அடுப்பில் மாவு வறுபட்டுக்கொண்டிருக்கிறது, தம்பி காலைக் கட்டிக்கொண்டு அழுகிறான். "முழுங்குடி" என்று ஒரு அதட்டு அதட்டினேன். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது, வாய் மட்டும் சிரித்தது. கட்டைவிரலைக் காட்டினாள்.

அடித்துவிட்டேன். முதுகில்தான், பலமாக இல்லை.

மாவு தீய்ந்துவிட்டது. மொத்தமும் மாட்டுக்குப் போயிற்று.

மார்ச் 2, ஞாயிறு

சரசக்காவுடன் சண்டை. வறுத்துக்கொண்டே இருந்தவர் திடீரென்று கரண்டியை வைத்துவிட்டு, "ஏனம்மிணி, இந்தப் புள்ள இப்பிடி வத்தலாப் போயிருச்சே, உங்கண்ணுக்குத் தெரியறதில்லையா?" என்றார்.

"பரிசோதனையில ஒண்ணுமில்லைனு வந்துருச்சுங்க்கா. சத்துக் கொறச்சல்தானாம், டானிக் குடுத்திருக்காங்க."

"சத்துக் கொறச்சலா? சத்துமாவுக் கம்பெனிக்காரி புள்ளைக்கா?" என்று வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். சிரித்தாரா, அழுதாரா, தெரியவில்லை. பிறகு சொன்னார், "கண்ணு, கொஞ்ச நாளைக்கு அந்த ஃபோனத் தூக்கி உள்ள வெச்சுப் போட்டு, அதுகூட உக்காந்து சோறு தின்னு பாரு."

எப்போது உட்காருவது? சரசக்காவே சொல்லட்டும். காலையில் நின்றுகொண்டே இட்லி, மத்தியானம் பாக்கிங் நடுவில் ஏதாவது, ராத்திரி பிள்ளைகள் மிச்சம் வைத்தது. இந்த வீட்டில் நான் தட்டு போட்டு உட்கார்ந்து எத்தனை மாதம் ஆயிற்று என்று எனக்கே தெரியாது. அதைச் சொல்லியிருக்கலாம். "கூலிக்கு வந்தா வேலைய மட்டும் பாருங்க்கா" என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். முகம் கறுத்துப் போய்விட்டது. கைகழுவிக்கொண்டு போனவர் திரும்பி வரவில்லை.

இனி வறுப்பதும் நானே.

மார்ச் 15, சனி

விழாவுக்கு ஒத்திகை. புது ஃப்ராக், ஃப்ரில் வைத்தது. ஃப்ரில் இருந்தால் உடம்பு நிறைவாகத் தெரியும் என்று துணிக்கடைக்காரர் சொன்னார். அவருக்கு எப்படித் தெரிந்ததோ நான் எதற்குத் தேடுகிறேன் என்று.

நாற்காலியில் உட்கார வைத்து, வீட்டுக்காரரை மைக் பிடிக்கிற ஆளாக நிற்க வைத்து, பலமுறை செய்து பார்த்தோம். வசனம் சுத்தமாக வருகிறது. ஸ்பூன், கன்னம், சிரிப்பு, கட்டைவிரல். ஒவ்வொரு தடவையும் ஓகே சொன்னேன், கிண்ணத்தில் துப்பினாள். வீட்டுக்காரருக்கே பெருமை தாங்கவில்லை. "என்ற புள்ள நடிகைதான் போ" என்று தூக்கிச் சுற்றினார். தூக்கியவர், "ஏ கோகிலா, என்ன இவ கனமே இல்ல?" என்றார். நான் காது கேட்காத மாதிரி அடுப்படிக்குப் போய்விட்டேன்.

விழாவில் ஒரே ஒரு வாய். அதை விழுங்கிவிடுவாள். ஒரு வாய்க்கு என்ன வந்துவிடப் போகிறது?

மார்ச் 22, சனி

சரக்கு வண்டியில் ஏற்றியாகிவிட்டது. பாக்கெட் பாக்கெட்டாக மகி சிரித்துக்கொண்டே போனாள். உடம்பெல்லாம் வலி. ஆனாலும் வண்டி தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்றேன். நான் செய்தது என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஒன்று இருக்கிறது.

மார்ச் 23, ஞாயிறு

எழுதியே ஆக வேண்டும். எழுதாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்.

பலூன், வாழைமரம், நாதஸ்வரம், கல்யாணம் மாதிரி இருந்தது கடை. எங்கள் மேஜைக்குப் பின்னால் என் மகள் படம் ஆள் உயரத்துக்கு. அந்தப் பன்னுக் கன்னம். அதற்கு முன்னால் நாற்காலியில் ஃப்ரில் ஃப்ராக்கோடு நிஜ மகி. யாரோ ஒரு பெண் பக்கத்திலிருந்தவளிடம், "இது அந்தப் பாப்பாவோட தங்கச்சியா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது.

பிரேமா மேடம் மைக்கில் பேசினார். சுற்றிலும் தாய்மார்கள், இடுப்பில் பிள்ளைகள், கையில் ஃபோன். அத்தனை ஃபோனும் தன்னைப் பார்ப்பதைக் கண்டதும் மகிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "மகிக்குப் பசிச்சா மகிழ் கஞ்சி!" கணீரென்று சொன்னாள். கைதட்டல். நான் ஒரு ஸ்பூன் ஊட்டினேன். கன்னத்தை உப்பினாள், சிரித்தாள், கட்டைவிரலைக் காட்டினாள். ஒரு குறை சொல்ல முடியாது.

அப்புறம் என்னைப் பார்த்தாள்.

நான் ஓகே சொல்லவில்லை. எப்படிச் சொல்வேன்? "முழுங்கு சாமி" என்றேன், உதட்டை அசைக்காமல். அவளுக்குப் புரியவில்லை. இன்னும் பெரிதாகச் சிரித்தாள், சரியாகச் சிரிக்காததால்தான் நான் ஓகே சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டாள் போல. இன்னொரு கட்டைவிரலையும் தூக்கினாள். கைதட்டல் ஓய்ந்துவிட்டது. எல்லாரும் அவள் விழுங்குவதற்காகக் காத்திருக்கிறார்கள். தாடையோரமாகக் கஞ்சி வழிய ஆரம்பித்தது. குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தாள், நாற்காலிக்குப் பின்னால் பார்த்தாள். எதைத் தேடுகிறாள் என்று எனக்கு மட்டும் தெரியும். "முழுங்குடி" என்றேன், இந்தத் தடவை சத்தமாகவே வந்துவிட்டது. வீட்டுக்காரர் கூட்டத்துக்குள்ளிருந்து, "முழுங்கு, முழுங்கு" என்று சைகை காட்டுகிறார்.

பிரேமா மேடம் பக்கத்தில் சாம்பிள் கப்புகளை அடுக்கி வைத்திருந்தார்கள். மகி அதில் ஒன்றை எடுத்தாள். அலட்டாமல், சிந்தாமல், நான் பழக்கிய மாதிரியே, மொத்தமும் அதில் துப்பினாள். வாயைத் துடைத்துக்கொண்டு, மைக் பக்கத்திலேயே இருந்ததால் கடை முழுக்கக் கேட்கிற மாதிரி, "டேக் ஓகேவாம்மா?" என்றாள்.

ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

பிரேமா மேடம் மைக்கை அணைத்துவிட்டு என்னைத் தனியாகக் கூட்டிப் போனார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. "பாப்பா வீட்ல என்னதாங்க சாப்புடுது?" என்று கேட்டார். டாக்டரம்மா கேட்ட அதே கேள்வி. பாலும் பிஸ்கட்டும் என்று சொல்ல வாய் வரவில்லை. "சரக்க எடுத்துக்குங்க. அப்பறம் பேசலாம்" என்றார். அப்புறம் என்பதெல்லாம் இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பஸ்ஸில் மகி என் மடியில் படுத்துக்கொண்டே கேட்டாள், "இன்னிக்கு நான் நல்லாப் பண்ணனாம்மா?"

"நல்லாப் பண்ண கண்ணு" என்றேன். வேறென்ன சொல்வது?

மார்ச் 24, திங்கள்

ரோஸ் கிண்ணத்தைக் குப்பை வண்டியில் போட்டேன்.

மார்ச் 29, சனி

சரக்கு திரும்பி வந்துவிட்டது. கூடம் முழுக்க மகி சிரிக்கிறாள், படுக்க இடமில்லை.

அந்த வீடியோ ஊரெல்லாம் சுற்றுகிறது. யாரோ பின்னணியில் சிரிப்புச் சத்தம் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள். 'பெத்த பிள்ளையே துப்புற மாவு' என்று ஒருத்தி. 'இவளெல்லாம் ஒரு தாயா' என்று இன்னொருத்தி. அந்த இன்னொருத்தி என்னிடம் எட்டு மாதமாக மாவு வாங்கியவள், தங்கமான அக்கா என்று வாய் நிறையக் கூப்பிட்டவள். மாவில் ஒரு குறை கிடையாது. ஒரு கல் இருக்காது, ஒரு தவிடு இருக்காது. அதை யாரிடம் போய்ச் சொல்ல?

வீட்டுக்காரர் ஆறு நாள் பேசாமல் இருந்துவிட்டு இன்றைக்கு வாயைத் திறந்தார். "ஒரே ஒரு வாய் முழுங்க வெக்க முடியல உன்னால."

"உங்க மகதானுங்க அவ? ஒரு நாளாவது ஒரு வாய் ஊட்டியிருப்பீங்களா?"

"கம்பெனி கம்பெனின்னு ஆடுனது நீ."

"நம்ம கம்பெனின்னு உங்க தங்கச்சிகிட்டச் சொன்னது யாரு?"

மகி நடுவில் வந்து நின்றாள். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தாள். ஃபோன் முன்னால் சிரிக்கிற அதே சிரிப்பு.

ஏப்ரல் 2, புதன்

மகி இப்போது வாயே திறப்பதில்லை. தட்டை வைத்தால், "ஃபோன் வைம்மா" என்கிறாள். வைக்காவிட்டால் எழுந்து போய்விடுகிறாள். வைத்தால் வாங்குகிறாள், சிரிக்கிறாள், கையில் துப்பிக்கொள்கிறாள். பாலும் பாதி டம்ளரில் நின்றுவிட்டது. குளிப்பாட்டும்போது விலா எலும்பு கையில் தட்டுகிறது. சோப்புப் போடவே பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 4, வெள்ளி

இதை எழுத வேண்டாம் என்றுதான் பார்த்தேன்.

வீட்டுக்காரர் யோசனை சொன்னார். "பேர மாத்தீர்லாம் கோகிலா. தம்பிய வெச்சு எடு. அவன் கொழுகொழுன்னு இருக்கான், முழுங்கவும் செய்யறான். சனம் ரெண்டு மாசத்துல மறந்துரும்."

திட்டியிருக்க வேண்டும். திட்டவில்லை. கூடம் முழுக்க அடுக்கியிருந்த மாவைப் பார்த்தேன். வண்டு வந்துவிட்டால் எல்லாமே பாழ். ஃபோன் ஸ்டாண்டை எடுத்து வைத்து, லைட்டைப் போட்டு, தம்பியைத் தலையணைக்கு நடுவில் உட்கார வைத்தேன். ஃபோனை ஓட விட்டேன். முதல் ஸ்பூன் ஊட்டினேன். சப்புக்கொட்டினான்.

எங்கிருந்து ஓடி வந்தாள் என்றே தெரியவில்லை. மகி அவன் மேல் விழுந்து, வாய்க்குள் விரலை விட்டுக் கஞ்சியைத் தோண்டி எடுக்கிறாள். அவன் வீறிடுகிறான், நெஞ்சடைத்துச் சிவந்துபோய்விட்டான். நான் அவளைப் பிடித்து இழுக்கிறேன், வர மாட்டேன் என்கிறாள். அந்த எலும்புக் கைக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ!

"முழுங்காதடா தம்பி! முழுங்காத! வயிறு வலிக்கும்டா!"

"யாருடி சொன்னா வயிறு வலிக்கும்னு?" என்று கத்தினேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபமெல்லாம் இல்லை, ஆச்சரியம்தான். "நீதானம்மா சொன்ன."

தம்பி கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டான். ஃபோன் மட்டும் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. எல்லாம் பதிவாகியிருக்கிறது, நான் கத்தியது, அவள் சொன்னது, எல்லாம். ஒரே ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். போதும்.

எத்தனை நாளாகப் பிள்ளை பசியோடு இருந்திருக்கிறாள்? பசித்தும், சாப்பிட்டால் வலிக்கும் என்று பயந்துகொண்டு, அம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று என்னை நம்பிக்கொண்டு. தீபாவளியிலிருந்து. பாவி, நான் அவளை நடிக்கிறாள் என்று அடித்தேன்.

ஏப்ரல் 5, சனி

டாக்டரம்மாவிடம் மறைக்காமல் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். "அவளுக்கு முன்னாடி உக்காந்து நீ சாப்பிடு. முழுங்கறதைப் பாக்கட்டும். வலிக்கலைன்னு அவளே பாத்துத் தெரிஞ்சுக்கணும். நாளாகும்" என்றார். "ஃபோன் கூடாது" என்று இரண்டு தடவை சொன்னார்.

ஏப்ரல் 8, செவ்வாய்

சரசக்கா வீட்டு வாசலில் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. "பாக்கெட்டப் பிரிக்கோணுமுங்க்கா" என்றேன். வந்தார். இரண்டு பேரும் உட்கார்ந்து கவரைக் கிழித்துக் கிழித்து மாவைக் கொட்டினோம். மாட்டுப் பண்ணைக்காரர் மூட்டையாக எடுத்துக்கொண்டு போனார். கிழிந்த மகி முகங்களை என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு சாக்கில் கட்டிப் பரணில் போட்டேன்.

வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டே நின்றார். கடைசியில் சாக்கின் வாயை அவர்தான் பிடித்துக்கொண்டார்.

ஏப்ரல் 13, ஞாயிறு

கொஞ்சம் மாவு மட்டும் எடுத்து வைத்திருந்தேன், வீட்டுக்கென்று. காலையில் கஞ்சி காய்ச்சினேன். ஃபோனைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். தரையில் நாலு பேருக்கும் கிண்ணம் வைத்தேன். தம்பிக்கு வீட்டுக்காரர் ஊட்டினார், பாதி அவர் சட்டையில்தான். மகி எனக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அவள் கிண்ணத்தை அவள் தொடவில்லை. நானும் தொடச் சொல்லவில்லை.

நான் ஒரு வாய் எடுத்து வைத்தேன். எத்தனையோ பேருக்கு அரைத்துக் கொடுத்த மாவு. ருசி பார்க்க நாக்கில் தொட்டிருப்பேனே தவிர, ஒரு நாளும் உட்கார்ந்து குடித்ததில்லை. நன்றாகத்தான் இருந்தது. அந்த நினைப்பில் விழுங்க மறந்துவிட்டேன். வாயிலேயே நின்றது.

மகி எழுந்து வந்தாள். இரண்டு கையையும் சேர்த்துக் குவித்து என் தாடைக்குக் கீழே பிடித்தாள்.

"துப்பீரும்மா. பரவால்ல, துப்பீரு."

நான் விழுங்கினேன். அவள் பார்க்கட்டும் என்று வாயைத் திறந்து காட்டினேன். அவள் முகம் பயந்துபோய்விட்டது. கையை எடுத்து என் வயிற்றில் வைத்துப் பார்த்தாள்.

"வலிக்குதாம்மா?"

"இல்ல கண்ணு. கொஞ்சங்கூட வலிக்கல."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். நம்புவாள் என்று நினைத்தேன். பிறகு மெல்லத் திரும்பி, மூலையில் நின்ற ஸ்டாண்டைப் பார்த்து, கன்னத்தை உப்பிக்கொண்டு சிரித்தாள். எனக்காகக் கட்டைவிரலையும் தூக்கிக் காட்டினாள்.

ஸ்டாண்டில் ஃபோன் இல்லை. தம்பியின் ஜட்டிதான் காய்ந்துகொண்டிருந்தது.